நாற்பதாவது நிமிடம்

கை!

களிமண் கட்டிகளுக்கு நடுவே ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது!

ஆர்வோ விளக்கை இறக்கிப் பிடித்தான். கைஸா. ஈரம் அளக்கும் என்ஜினியர். பின்னந்தலையில் ரத்தம்...

'டமார்!'

இரும்புக் கதவு மூடிக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

பூமிக்கு நானூறு மீட்டர் கீழே, முட்டுச் சுரங்கத்தில், அவனும் ஒரு பிணமும்!

சுவரில் டெலிபோன் அலறியது.

"ஆர்வோ? லிண்ட்ரூஸ் பேசறேன். கதவுக்கு வெளியிலேருந்து."

டாக்டர் லிண்ட்ரூஸ். அணுக்கழிவைச் சுற்றி அடைக்கும் களிமண் லட்சம் வருஷம் தாங்குமா என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவன்.

"கதவைத் திறங்க, டாக்டர்! கைஸாவுக்கு அடிபட்டிருக்கு!"

"தெரியும். அடிச்சதே நான்தான். மூச்சு இருக்கா?"

ஆர்வோ குனிந்தான். கழுத்தில் துடிப்பு... இருந்தது!

"இல்ல. போயிட்டா."

"பாவம். என் ஆறு வருஷத்துக் கணக்கு தப்புன்னு மேலிடத்துக்கு எழுதப் போறாளாம். விடுவேனா?"

"நான் என்னய்யா பண்ணேன்?"

"தப்பான நேரத்துல உள்ள வந்தே. தண்ணியைத் திறந்துட்டேன். பின்னாடி களிமண் சுவர் இருக்கே, அதுக்கும் பாறைக்கும் நடுவுல ஒரு முழ இடுக்கு. உதிரி மண்தான் கொட்டியிருக்கு. அதைத் தோண்டினா அந்தப் பக்கம் பெரிய சுரங்கத்துக்கு வந்துடலாம்னு உனக்குத் தோணும்... நாற்பது நிமிஷத்துல அது ஊறி, வீங்கி, கல்லாயிடும். கம்ப்யூட்டர் சொல்லுது!"

"மணி ரெண்டானா காபிக்குத் தேடுவாங்க!"

"உங்க பெயர்த் தகடு ரெண்டையும் பலகையிலேருந்து கழட்டிட்டேன். தகடு இல்லைன்னா ஆள் மேல போயாச்சுன்னு அர்த்தம். எவன் தேடுவான்?"

லைன் செத்தது.

பாறையோரக் குழாய்களில் தண்ணீர் சீறியது. ஆர்வோ இடுக்கில் பாய்ந்தான். கையால் அள்ளினான். ஹெல்மெட்டால் வாரினான்.

பத்து நிமிடம்... அரை முழம்தான் நகர்ந்தது. இன்னும் மூன்று முழம்!

இருபது நிமிடம்... மண் பிசுபிசுத்தது. விரல் நகங்கள் பிய்ந்தன.

"ஆர்வோ..."

கைஸா கண் விழித்திருந்தாள்!

"பேசாதீங்க. படுத்திருங்க."

"எவ்வளவு... நேரமிருக்கு?"

"லிண்ட்ரூஸ் கணக்குப்படி இருபது நிமிஷம். எனக்கு ஒரு மணி நேரமாவது வேணும். நாம செத்தோம்."

"அந்தத் தண்ணியை... நாக்குல வச்சுப் பாருங்க."

"தலையில பட்ட அடி பலமா?"

"வைய்யா வாயில!"

ஆர்வோ விரலை நக்கினான். துப்பினான்.

"தூ! உப்பு!"

கைஸா சிரித்தாள். வலியில் முகம் கோணியது.

"இந்தப் பாறைக்குள்ள ஊறுறதே உப்புத் தண்ணிதான். அந்தாளு நல்ல தண்ணின்னு போட்டு கணக்கு ஓட்டியிருக்கான். அது தப்புன்னு நிரூபிக்கத்தான் காலையில இந்தக் குழாயை நானே உப்புத் தண்ணித் தொட்டிக்கு மாத்தினேன்... உப்புத் தண்ணியில இந்த மண் அவசரமா வீங்காது. தோண்டுங்க!"

நாற்பதாவது நிமிடம்.

ஆர்வோ மூச்சைப் பிடித்துக்கொண்டு மண்ணை அமுக்கினான்.

கல் இல்லை... கூழ்!

மணி இரண்டு. பெரிய சுரங்கத்துக் காபி அறை. ஏலக்காய் பன்னைக் கடித்தபடி லிண்ட்ரூஸ் போர்மன் இல்மரியிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஆர்வோவும் கைஸாவும் அப்பவே மேல போயிட்டாங்க, இல்மரி. பலகையில தகடு இல்ல பாரு."

கதவு திறந்தது.

களிமண் சிலை ஒன்று நின்றது. அதன் தோளில் ஒரு பெண்!

"டேய் ஆர்வோ! என்னடா கோலம் இது?" இல்மரி பதறினான்.

"எங்க தகடு எங்கன்னு அவன் சட்டைப்பையில பாரு!"

இல்மரி லிண்ட்ரூஸின் சட்டைப்பைக்குள் கையை விட்டான். இரண்டு தகடுகள் மேஜையில் விழுந்தன.

லிண்ட்ரூஸ் முகம் வெளுத்தது. "அது... இவன்தான் கைஸாவைக் கொன்னான்! பொணத்தையே தூக்கிட்டு வர்றான் பாருங்க!"

பிணம் தலையைத் தூக்கியது.

"பொணத்துக்கும் ஒரு காபி ஊத்துங்கப்பா... அப்படியே போலீசுக்கும் போன் போடுங்க. என்னை அடிச்சது இந்தாளுதான்!"

இரண்டு தொழிலாளிகள் லிண்ட்ரூஸின் தோளை அழுத்தி உட்கார வைத்தார்கள். அவன் உதடுகள் மட்டும் அசைந்தன.

"நாற்பது நிமிஷம்... என் கணக்கு தப்பாதே..."

ஆர்வோ வாயிலிருந்த களிமண்ணைத் துப்பினான்.

"கணக்கெல்லாம் அருமை, டாக்டர்... உப்பு பார்க்கத்தான் மறந்துட்டீங்க!"