தெரியாது என்று சொன்னவள்

அந்த மழை மட்டும் பெய்யாதிருந்தால் சுடலைச்செல்வி அந்த பேக்கரிக்குள் நுழைந்திருக்கவே மாட்டாள்... ஜன்னலோரம் ஒரே ஒரு நாற்காலிதான் காலி. பக்கத்தில் யாரோ ஒருவன். கண்டுகொள்ளாமல் லேப்டாப்பைத் திறந்தாள்.

கப்பல் ஏஜென்சிக்காக அவள் எழுதிய ஜாவா புரோகிராம், எல்லாக் கப்பலையும் ஒரு மாதம் தாமதமாகவே தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. தேதியைக் கணக்கிட இணையத்திலிருந்து எடுத்திருந்த, வேறு யாரோ எழுதிய லைப்ரரிக்குள் எட்டிப் பார்த்தால், ‘சோர்ஸ் இல்லை’, அதாவது மூல நிரல் கைவசம் இல்லை என்று கைவிரித்தது எக்லிப்ஸ் மென்பொருள்.

"சோர்ஸ அட்டாச் பண்ணலையோ?" என்றான் அவன்.

"அடுத்தவங்க ஸ்கிரீனப் பாக்கதுதான் உங்க வேலையா?"

"அதாங்க வேலையே. நானும் ஜாவாதான் எழுதுதேன்..."

சிரிப்பு முந்திக்கொண்டது அவளுக்கு. மழைத்துளி ஒட்டிய அவன் இமைகளுக்குள் எவ்வளவு அமைதியான கண்கள்...

அவன் பெயர் வெள்ளத்துரை. அவன் சொன்னபடி, லைப்ரரி எடுத்த தளத்திலேயே அதன் சோர்ஸ் கோப்பையும் இறக்கி, ‘அட்டாச் சோர்ஸ்’ பட்டனை அழுத்தி இணைத்தாள். எழுதியவரின் குறிப்புகளோடு எல்லாம் விரிந்தது. மாதங்களைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறதாம் அது! ஜனவரி என்று அவள் கொடுத்த ஒன்றைப் பிப்ரவரி ஆக்கியிருக்கிறது.

மறுநாள் மழையில்லை. இருந்தும் போனாள். அவனும் வந்திருந்தான். பிறகு தினமும்...

ஒரு மாலை, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்திருந்த சித்தப்பா மந்திரமூர்த்தி கடைக்குள் நுழைந்தார்.

"யாரும்மா இவரு?"

அவள் சட்டென்று லேப்டாப்பை மூடினாள். "தெரியாது சித்தப்பா. வேற இடமில்லன்னு உக்காந்திருக்காரு."

வெள்ளத்துரை ஒரு கணம் அவளைப் பார்த்தான். "ஆமா அண்ணாச்சி, இந்தா கிளம்பிட்டேன்" என்று எழுந்தான். டீ பாதி கூடக் குறையவில்லை.

அதன்பின் அவன் வரவில்லை. அவள் மட்டும் தினமும் போய், அதே ஜன்னலோரம் குனிந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் செய்ய எடுப்பாள், வைத்துவிடுவாள். அவனே கூப்பிடட்டுமே என்றொரு வீம்பு. அது உடைய மூன்று மாதம் ஆனது. ஒருநாள் அவன் அலுவலக வாசலில் போய் நின்றாள்.

"எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிட்டு..." என்றான், அவள் பேசுமுன்பே.

அவள் தலையசைத்தாள். "திரும்பி வாங்கன்னு கேக்க வரல. அன்னைக்குத் தெரியாதுன்னேம்லா... அந்த நேரத்துல இந்த ஊர்ல எனக்குப் பிடிச்ச ஒரே ஆளு நீங்கதான். அத உங்கட்ட சொல்லாம இருக்க முடியல."

அவன் தெருவைப் பார்த்தபடி சொன்னான்.

"ரெண்டு வாரம் அந்தக் கடைக்கு எதுத்தாப்ல வந்து நின்னேன், செல்வி. நீங்க ஒரு தடவ ஏறிட்டுப் பாத்திருந்தா உள்ள வந்திருப்பேன்..."