சுரங்கத்துக்கு ஒரு படி

“இந்தப் பைக்கும் டிக்கெட் எடுத்திருக்கீங்களா?”

இங்குன் நிமிர்ந்தாள். தலைமுடியில் மழை சொட்ட ஒருவன் நின்றிருந்தான். சாம்பல் நிறக் கண்கள்... பெர்கன் நகரத்து மழை வானத்தைப் போலவே, ஆனால் கொஞ்சம் வெளிச்சமாக.

வெள்ளிக்கிழமை மதியம், பெர்கனிலிருந்து வோஸ் ஊருக்குப் போகும் ரயில். பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிட்டால் யாரும் வந்து கேட்கமாட்டார்கள். இவன் கேட்டுவிட்டான்!

“பை நனையக் கூடாதேன்னு வச்சேன். நீங்க ஆறு மாதிரி வந்து நிக்கறீங்க.”

“ஆறுன்னா ஓடிடும். நான் உட்காரப் போறேன். பேரு ஐவின்ட்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு பையை எடுத்தாள். அவன் லேப்டாப்பைத் திறந்தான். திரையில் ஒரு கோடு படிப்படியாக ஏறி, சடாரென்று விழுந்து, மறுபடி ஏறியது. பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

“மெமரி ஒழுகுதா?”

“உங்களுக்கு இதெல்லாம் புரியுமா?”

“கொஞ்சம்.” கொஞ்சமா... ஆறு வருஷ உழைப்பு!

“ரயில் நேரம் காட்டுற இணையதளம் எங்களோடது. மூணு மணி நேரத்துக்கு ஒருதடவை சர்வரை நிறுத்தித் தொடங்கலேன்னா மெமரி நிறைஞ்சு, மூச்சு முட்டிச் செத்துடுது. திங்கக்கிழமைக்குள்ள காரணம் தெரியலேன்னா, அந்த சர்வர் மென்பொருளையே தூக்கிப் போட்டுடுவாங்க. அதை எழுதினது நீர்க்காகம்னு புனைபேர் வச்சுக்கிட்ட ஒரு ஆள். நாலு தடவை புகார் போட்டேன். ‘என்னிடம் ஒழுகவில்லை, தவறு உங்கள் பக்கம்’னு ஒரே வரி. தலைக்கனம் பிடிச்ச ஆள்!”

அவள் ரொட்டியைக் கீழே வைத்தாள். அந்த நீர்க்காகம் அவள்தான்.

“அவர் சோதிச்சுப் பார்த்திருப்பார்...”

“எங்க? வீட்டுல சொகுசா, அறுபடாத கம்பி இணைப்புல!”

ரயில் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. இருட்டுக் கண்ணாடியில் அவன் முகமும் அவள் முகமும் பக்கத்துப் பக்கத்தில்... வெளியே வந்ததும் இணைப்பு திரும்பி, திரை விழித்தது. கோடு ஒரு படி ஏறியிருந்தது. அடுத்த சுரங்கம். இன்னொரு படி.

“இருங்க!” அவள் அவன் பக்கம் சாய்ந்தாள். தோள்கள் உரசின. இருவரும் விலகவில்லை. மூன்றாவது சுரங்கம். மூன்றாவது படி.

“இந்த ரயில்தான்! பாதிப் பேர் உங்க தளத்தைத்தான் பார்த்துட்டிருக்காங்க. பதில் அனுப்ப சர்வர் கொஞ்சம் மெமரி எடுக்கும். முழுசா அனுப்பினா திருப்பிக் கொடுத்துடும். சுரங்கத்துல நடுவழியில இணைப்பு அறுந்தா... கொடுக்காமலே போயிடுது.”

அவன் அவளையே பார்த்தான். “உள்ள இருந்து பார்த்த மாதிரி சொல்றீங்க?”

சொல்லாமல் இருந்துவிடலாம். வீட்டுக்குப் போய்ச் சத்தமில்லாமல் சரி செய்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அவன் கண்களில் இந்த வெளிச்சமும் அப்படியே இருக்கும்... ஆனால் அவன் புகாரின் கீழ் அந்த ஒரு வரியும் இருக்குமே.

அவள் தன் லேப்டாப்பை எடுத்து, விறுவிறுவென்று தட்டினாள். அவன் திரையில் மணி அடித்தது.

“நீர்க்காகம்: நீங்கள் சொன்னது சரி. தவறு என்னுடையது. மன்னியுங்கள்.”

அவன் படித்தான். அவள் விரல்களைப் பார்த்தான். மறுபடி படித்தான். அதற்குள் ஒரு சுரங்கம் வந்தது... அத்தனை நீளமான சுரங்கத்தை அவள் வாழ்நாளில் கடந்ததில்லை.

வெளிச்சம் வந்தது.

“தலைக்கனம்னு சொல்லிட்டேனே...”

“வாபஸ் வாங்க வேணாம். கொஞ்சம் உண்மைதான்.”

“அப்போ நானும் ஒரு உண்மை சொல்லணும். நான் டாலே ஸ்டேஷன்ல இறங்கியிருக்கணும். அக்கா சாப்பாடு வச்சுட்டுக் காத்திருக்கா. டாலே போய் ரெண்டு சுரங்கம் ஆச்சு.”

“கவனிக்காம விட்டுட்டீங்களா?”

“கவனிச்சேன். ஸ்டேஷன் பலகையைப் பார்த்தேன்... அப்புறம் உன்னைப் பார்த்தேன். உட்கார்ந்துட்டேன்.”

‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனது? கன்னம் சுட, அவள் ரொட்டியைப் பிட்டுப் பாதியை அவன் முன் வைத்தாள்.

“சாப்பிடு. வோஸ்ல திரும்பற ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருக்கு. ஒழுகலை அடைக்க எனக்கு இருபது நிமிஷம் போதும்.”

“மீதி நேரம்?”

அடுத்த சுரங்கம் வந்தது. இந்த முறை யாரும் கோட்டைப் பார்க்கவில்லை.

“அதுக்காகத்தான் இவ்வளவு சீக்கிரமா அடைக்கப் போறேன்,” என்றாள் இங்குன், இருட்டில், தெளிவாக.