உணரி எண் பதினேழு

தொண்ணூறாவது நாள் காலையில் ஜெனோவா தோற்றாள். பெரிய வித்தியாசம் இல்லை. அவள் பக்கத்துக் குழாயில் வந்த கடல்நீரும் இயந்திரத்தின் பக்கம் வந்த நீரும் சுத்தத்தில் ஒன்றேதான். ஆனால் ஒரு சல்லடைக் கூடையைத் தூக்கிக் கழுவி மாட்ட அவளுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. தானுணர் வடிப்பான் என்ற அந்த இயந்திரத்துக்கு நாற்பது நொடி போதும்.

சட்டம் அப்படி. ஒரு மனிதரின் வேலையை இயந்திரத்துக்குக் கொடுப்பதானால், இரண்டும் ஒரே கூரையின் கீழ் தொண்ணூறு நாள் வேலை செய்து காட்ட வேண்டும். ஜெயித்தவருக்கே வேலை. இதைவிட நியாயமான சட்டம் கிடையாது என்று எல்லாக் கட்சிகளும் மேசையைத் தட்டி நிறைவேற்றியிருந்தன.

தூத்துக்குடிக்குத் தெற்கே, வெயிலைக் கொண்டு கடல்நீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிக்கும் ஆலை அது. வெயில் இருக்கும்வரைதான் ஓடும். உப்பை நீக்கும் சவ்வுகள் மெல்லியவை. பாசியோ ஜெல்லி மீனோ போய் ஒட்டினால் அவ்வளவுதான். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது சல்லடைக் கூடைகளின் வேலை. அந்தக் கூடைகளைப் பதினோரு வருடமாக ஜெனோவா கழுவினாள். அவளுடைய வார விடுமுறைக்கு மட்டும் ஆக்னஸ் என்ற இன்னொருத்தி வருவாள். ஒப்பீடு நடந்த தொண்ணூறு நாளும் ஜெனோவா விடுமுறையே எடுக்கவில்லை.

ஜெனோவா அழவில்லை என்று எழுத ஆசைதான். அழுதாள். கணவன் கடலுக்குப் போனால் மீன் கிடைக்கும், கிடைக்காது. வீட்டில் நிச்சயமாக இருந்த ஒன்று இந்த வேலைதான்.

அடுத்த இரண்டு நாள் கடல் தெளிவாக இருந்தது. தொண்ணூற்று மூன்றாம் நாள் ஜெல்லி மீன்கள் கூட்டமாக வந்தன. வடிப்பான் அசையவே இல்லை. சல்லடை கிழிந்து, வழவழவென்று என்னவோ உள்ளே போய், சவ்வுகளில் பாதி நாசமாயின.

வடிப்பானை விற்ற கோயம்புத்தூர் நிறுவனத்திலிருந்து பொறியாளர் அபர்ணா வந்தாள். இரண்டு நாள் இயந்திரத்தின் நினைவைக் குடைந்துவிட்டு மேலாளர் ஞானதுரையிடம் போனாள்.

"சல்லடையில அழுத்தம் ஏறினா கழுவும்னுதானே சொன்னீங்க?" என்றார் அவர்.

"அப்படித்தான் செஞ்சு அனுப்பினோமுங்க சார். ஆனா இது தானா கத்துக்கற இயந்திரம். எந்த அறிகுறி முதல்ல வருதோ அதைத்தான் நம்பும்."

திரையை அவர் பக்கம் திருப்பினாள். மூன்றாம் கேமராவின் படம். ஜெனோவா கண்ணாடி வளையல்களைக் கழற்றி வால்வுப் பிடியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கூடையில கை வைக்கறதுக்கு முன்னாடி அவங்க இதைச் செய்வாங்க சார். அழுத்தம் ஏறுறதுக்கு நாலு நிமிஷம் முன்னாடி. தொண்ணூறு நாளும் இயந்திரம் இதைப் பாத்துட்டுத்தான் கழுவியிருக்கு."

"அப்போ ஜெயிச்சது யாரு?"

"அதை ரிப்போர்ட்ல எழுத வேண்டாங்க சார்."

அபர்ணா தன் வளையலைப் பிடியில் மாட்டிப் பார்த்தாள். இயந்திரம் ஒழுங்காகக் கழுவியது. எப்போது மாட்டுவது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. ஜெனோவாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"பாசி, ஜெல்லி வாறதுக்கு முன்னாடி தொட்டித் தண்ணி வெயில்ல வேற மாதிரி மினுங்கும் மேடம். எல்லாருக்கும் தெரியும்னுல்லா நெனச்சேன்."

கடல்நீர் வந்து சேரும் அந்தத் தொட்டியை அபர்ணா மூன்று மணி நேரம் பார்த்தாள். தண்ணீர்தான் தெரிந்தது.

ஜெனோவாவைத் திரும்ப வேலைக்கு எடுக்க முடியாது. இயந்திரம் ஜெயித்த வேலையை மனிதருக்குக் கொடுக்கவும் அதே சட்டப்படி தொண்ணூறு நாள் ஒப்பீடு வேண்டும். இயந்திரம் கற்றதை அழித்துத் திருத்தினாலும் அதே தொண்ணூறு நாள்தான். அதுவரை ஜெல்லி மீன்கள் காத்திருக்கப்போவதில்லை. அபர்ணாதான் வழி கண்டுபிடித்தாள்.

"உன்னை இயந்திரத்தோட ஒரு உறுப்பாப் பதிஞ்சுக்கிடுதோம்," என்றார் ஞானதுரை. "உணரி எண் பதினேழு, அதாவது சென்சார். தொண்ணூறு நாள் அதுகூட ஓடியாச்சு, அதனால புதுசா சோதனை வேண்டாம். சம்பளம் அதேதான்."

"நான் என்ன சார் செய்யணும்?"

"தண்ணியப் பாக்கணும். வளையலக் கழட்டணும். கூடைய அது கழுவிக்கிடும்."

ஜெனோவாவுக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. வேலை வேண்டுமே. கையெழுத்துப் போட்டாள்.

உறுப்புகளுக்கு வார விடுமுறை கிடையாது என்பது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு உறைத்தது. ஆக்னஸோ ஐஸ் ஆலையில் சேர்ந்துவிட்டாள். இரண்டு மாதம் ஒரு நாள் விடாமல் தொட்டியருகே நின்ற பிறகு, தங்கையின் குழந்தைக்கு மணப்பாட்டில் ஞானஸ்நானம் என்று செய்தி வந்தது.

"ரெண்டு நாள் லீவு வேணும் சார்."

ஞானதுரை கெட்டவர் இல்லை. கணினியில் உண்மையாகவே தேடினார். "உறுப்புக்கு லீவு ஃபாரமே இல்லையேம்மா. பழுது ஃபாரம்தான் இருக்கு."

"அதையே தாங்க."

அவள் அதை நிதானமாக நிரப்பினாள். பழுதான உறுப்பு: உணரி பதினேழு. பழுதின் தன்மை: தங்கச்சி பிள்ளைக்கு ஞானஸ்நானம். சரிசெய்ய ஆகும் காலம்: இரண்டு நாள். மாற்று உறுப்பு இருப்பில் உள்ளதா: இல்லை.

ஞானதுரை படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு நிராகரிக்கும் பொத்தானைத் தேடினார். விடுப்புப் படிவத்தில் அது முதலாவதாக இருக்கும். பதினோரு வருடத்தில் அவளுடைய விண்ணப்பங்களுக்கே எத்தனை முறை அழுத்தியிருக்கிறார். பழுதுப் படிவத்தில் அப்படி ஒன்று இல்லை. உணரி பழுதான இயந்திரத்தை ஓட்டினால் ஆலையின் உரிமம் போய்விடும். அபர்ணாவுக்கு ஃபோன் போட்டார்.

"ஆக்னஸைக் கூப்பிட்டா?"

"புது உறுப்புன்னா தொண்ணூறு நாள் சோதனை பண்ணணுங்க சார்."

திரையில் இருந்த ஒரே பொத்தானை, ‘பழுது ஏற்கப்பட்டது’ என்பதை, அழுத்தினார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நல்ல வெயில். ஆலை நின்றிருந்தது.

திங்கட்கிழமை காலை ஜெனோவா வந்து, ஞானஸ்நானத்துக்கு வாங்கிய கேக்கில் ஒரு துண்டை அவர் மேசையில் வைத்தாள்.

"பழுது சரியாயிட்டா?" என்று கேட்டார் அவர்.

"இப்போதைக்குச் சரியாயிட்டு சார். ஆனா இனி ஞாயித்துக்கிழமைதோறும் வரும். எழுதிக்கிடுங்க."