அலமாரியில் வைத்த குரல்

உங்கள் குரலை நம்பி யாரிடமாவது கொடுத்து வைத்திருக்கிறீர்களா?

பழநிப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு கைம்பெண் கொடுத்து வைத்தாள். தன் கதை முழுவதையும் ஒரு சின்ன ரெக்கார்டரில் பேசி முடித்துவிட்டு, "இத வேற ஆரும் கேக்க மாட்டாங்கல்லங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "என் காதைத் தாண்டிப் போகாதும்மா" என்று பாஸ்டர் இனிகோ பைபிள்மேல் கை வைத்துச் சொன்னார்.

அந்தக் குரல் பதிந்திருந்த மெமரி கார்டு, டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை காணாமல் போயிருந்தது. திண்டுக்கல்லில், வத்தலக்குண்டு ரோட்டில் இருக்கும் ஆய்வு மையத்து நூலகத்தில், இரும்பு அலமாரிக்குள்ளிருந்து. அலமாரி பூட்டியபடியே இருந்தது. ரெக்கார்டரும் வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்குள் இருந்த கார்டு மட்டும் இல்லை.

பதினொரு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் சண்முகவள்ளி ஜீப்பிலிருந்து இறங்கினாள். பழநிப் பக்கத்து நெய்க்காரப்பட்டியில் பிறந்தவள். திண்டுக்கல்லுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் பேச்சில் அந்த ஊர் மண் உதிரவில்லை.

"நகத்தளவு கார்டும்மா. அதுக்கு ஒரு ஜீப்பு, நம்ம ரெண்டு பேரு" என்றார் கூட வந்த ஏட்டு அழகுராஜா.

"நகம் போனாலும் புகார் புகார்தானுங்க ஏட்டய்யா. வாங்க."

ஏற்கெனவே சபை நடத்துகிற பாஸ்டர்கள் மேலே படித்து டாக்டர் பட்டம் வாங்க வருகிற இடம் அது. பிரசங்கத்தில் ஆதாரம் கேட்க ஆளில்லை. இங்கே ஆதாரம் காட்டாமல் ஒரு வரி எழுத முடியாது. பேட்டி எடுப்பது எப்படி, கேட்டதைக் கேட்டபடி எழுதுவது எப்படி என்று நரைத்த தலைகள் பெஞ்சில் உட்கார்ந்து படிக்கும். கிறிஸ்துமஸ் நெருங்கியதால் பெரும்பாலோர் ஊருக்குப் போயிருந்தார்கள். போர்ட்டிகோவில் காவலாளி வைக்கோல் பரப்பிக் குடில் கட்டிக்கொண்டிருந்தார்.

இனிகோ நூலகத்தில் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது. திண்டுக்கல்காரர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து பாஸ்டர் ஆனவர், பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

"கார்டுல என்ன இருந்துச்சுங்க?"

"ஒரு அம்மாவோட பேட்டி மேடம். என் ஆராய்ச்சிக்கு எடுத்தது."

"அவங்க பேரு?"

"சொல்ல மாட்டேன். பழநிப் பக்கம், அவ்வளவுதான்."

"புகாரக் குடுத்துட்டுப் பேரச் சொல்ல மாட்டேன்னா எப்படிங்க?"

"கார்டக் கண்டுபிடிங்கன்னுதான் சொன்னேன் மேடம். ஆளக் கண்டுபிடிங்கன்னு சொல்லல."

அழகுராஜா முகத்தைத் திருப்பிச் சிரித்தார். சண்முகவள்ளி சிரிக்கவில்லை. இந்த ஆள் திருட்டுக்குப் பயப்படவில்லை, வேறு எதற்கோ பயப்படுகிறார்.

"எதப் பத்தின ஆராய்ச்சி?"

"ரெண்டு பேரு வச்சுக்கிட்டு வாழ்றவுங்களப் பத்தி. ரேஷன் கார்டுல ஒரு பேரு, ஜெபத்துல ஒரு பேரு. அந்தம்மா ஊருக்குத் தெரியாம ஞானஸ்நானம் எடுத்தவுங்க. தாழ்த்தப்பட்ட சாதி. கிறிஸ்தவங்களா மாறிட்டா சாதி சர்டிபிகேட்டு செல்லாதுங்கிறது சட்டம். மக அந்த சர்டிபிகேட்டுலதான் கவர்மெண்டு நர்சிங் காலேஜ்ல படிக்கிறா. இந்தக் குரல் வெளிய போச்சுன்னா மக படிப்பு போச்சு. அந்தம்மாவ ஊர்ல இருக்கவும் விடமாட்டாங்க."

"குரல வச்சு ஆளத் தெரியுமாக்கும்?"

"அவங்களுக்குப் பேச்சு திக்கும் மேடம். ஊர்க்காரங்க ஒரு வரி கேட்டாப் போதும்."

"பேட்டியத் தமிழ்ல எழுதி வச்சிருக்கீங்களா?"

"ஒரு எழுத்து எழுதல. காதுல கேட்டு நேரா இங்கிலீஷ்ல எழுதிட்டேன். தமிழ்ல எழுதினா பேச்ச வச்சே எந்தப் பக்கத்து ஆளுன்னு சொல்லிருவாங்க."

அச்சடித்த பக்கத்தைக் காட்டினார். சண்முகவள்ளி இங்கிலீஷை மெதுவாக வாசித்தாள். விரலால் ஒரு வரியைத் தொட்டாள்.

"ஆமா மேடம்" என்றார் இனிகோ. "மாட்டுக் கொட்டத்துல வச்சு ஞானஸ்நானம். ஊரு எல்லாம் திருவிழாவுக்குப் போயிருந்த நேரம். மாடு தண்ணி குடிக்கிற தொட்டில முங்கி எந்திரிச்சிருக்காங்க."

அவளுக்குத் தன் வீட்டுக் கல்தொட்டி ஞாபகம் வந்தது. பாசி பிடித்த தண்ணீர். அதில் முங்கி எழ ஒருத்திக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்?

நூலகர் மரியசெல்வி அழுது முடித்திருந்தாள்.

"சாவி எங்கம்மா இருக்கும்?"

"கதவுக்குப் பின்னாடி ஆணில தொங்கும் மேடம். எல்லாருக்கும் தெரியும். பாஸ்டருங்க வந்து போற எடத்துல சாவிய இடுப்புலயா சொருகிக்கிட்டுத் திரிவேன்?"

"நேத்து ஆரு ஆரு வந்தாங்க?"

"இனிகோ ஐயா காலைல வந்து பாத்தாரு, கார்டு இருந்துச்சு. அப்புறம் அவரோட கைடு ஞானாபரணம் ஐயா வந்தாரு. பிரிண்டர் பாக்க ஜெகபர் பாய் வந்தாரு. வேற ஒரு ஈ காக்கா இல்ல. செத்த நேரம் குடிலுக்கு வைக்கோல் எறக்கப் போயிட்டேன், அவ்வளவுதான்."

"கைடு எப்படி ஆளு?"

மரியசெல்வி குரலைத் தாழ்த்தினாள். "நல்ல மனுசன். முந்தி அவருகிட்டப் படிச்ச ஒருத்தரு, எடுக்காத பேட்டிய எடுத்ததா எழுதி மாட்டிக்கிட்டாரு. பட்டத்தப் பிடுங்கிட்டாங்க. அதுலருந்து ஐயா சிரிச்சு நான் பாக்கல."

ஞானாபரணம் தன் அறையில் இருந்தார். ஓய்வு பெறும் வயது. திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்துக்காரர்.

"அந்தப் பேட்டிய நீங்க கேட்டிருக்கீங்களா?"

"இல்லம்மா. கேட்டதே கெடையாது. இனிகோ தரமாட்டேன்னுட்டாரு. அவரு எழுதுன இங்கிலீஷ்தான் வாசிச்சேன். நாங்க பேசுறதெல்லாம் இங்கிலீஷ்லதான்."

"உங்களுக்குப் பழநிப் பக்கம் பழக்கமுண்டுங்களா?"

"பஞ்சாமிர்தம் வாங்கக்கூடப் போனதில்ல."

"பேட்டி நெசந்தானான்னு உங்களுக்குச் சந்தேகம் வரலைங்களா?"

"எனக்கு வரலம்மா. ஆய்வத் திருத்துற எக்ஸாமினருக்கு வந்துட்டு. கட்டுத்தரையில வச்சு ஞானஸ்நானம்னா கதை மாதிரில்லா இருக்கு, இப்படி ஒரு பொம்பள நெசமாவே இருக்காளான்னு கேட்டு எழுதிட்டாரு."

சண்முகவள்ளி தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். "யாரு மேல சந்தேகம்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "யாரச் சொல்ல? வெளியாளுன்னா அந்தக் கம்ப்யூட்டர்க்காரரு ஒருத்தருதான்."

அது போதுமாக இருந்தது. மதியத்துக்குள் பேகம்பூரிலிருந்து ஜெகபர் அலியை ஏட்டு ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்துவிட்டார். சண்முகவள்ளி அங்கே போய் விசாரித்தாள்.

"பேப்பர் சிக்கிக்கிச்சுன்னு கூப்டாங்க, எடுத்து விட்டேன், வந்துட்டேன்" என்றார் அவர். "ஏன் மேடம், திருடறவன் ரெக்கார்டர விட்டுட்டுக் கார்ட மட்டுமா எடுப்பான்? அது என்ன வெல விக்கிதுன்னு எனக்குத் தெரியாதா? என் கடையிலயே விக்கிறேன்."

அதில் நியாயம் இருந்தது. எடுத்தவனுக்குப் பொருள் வேண்டியிருக்கவில்லை, குரல்தான் வேண்டியிருந்தது. ஆனால் நியாயம் இருக்கிறது என்பதற்காக மேலதிகாரி ஆளை விடச் சொல்லமாட்டார். ஜெகபர் அலி பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் மகள் பாஸிலா வாசலில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றாள்.

மூன்று மணிக்கு சண்முகவள்ளி மறுபடியும் மையத்துக்குப் போனாள். புதிதாகக் கேட்க எதுவும் இல்லை. தூறல் போட ஆரம்பித்திருந்தது. திரும்பி ஜீப்பை நோக்கி நடந்தபோது போர்ட்டிகோவில் ஞானாபரணம் காவலாளியிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏ, அந்தத் தொழுவ உள்ள தள்ளி வையி. பாலன் மேல மழ அடிக்குல்லா!"

அவள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். ஏட்டு சாவியைத் திருகினார்.

"நிறுத்துங்க ஏட்டய்யா. மாடு கட்டுற எடத்த உங்கூர்ல என்னம்பீங்க?"

"கொட்டம். ஏம்மா, மாடு கீடு வாங்கப் போறீகளா?"

அவள் கதவைத் திறந்தாள். இறங்கி உள்ளே போனாள்.

நூலகத்தில் மூன்று பேரையும் உட்கார வைத்தாள். இனிகோ, மரியசெல்வி, ஞானாபரணம்.

"ஐயா, மாடு கட்டுற எடத்துக்கு உங்கூர்ல என்னங்க பேரு?"

ஞானாபரணம் புருவத்தைச் சுருக்கினார். "தொழு."

"பாஸ்டர், நீங்க?"

"கொட்டம்னு சொல்லுவோம்."

"இங்கிலீஷ்ல என்ன எழுதினீங்க?"

"கவ்ஷெட்."

"அந்தம்மா என்ன வார்த்தை சொன்னாங்க?"

இனிகோ யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் மாறியது. "கட்டுத்தரைன்னு சொன்னாங்க."

"காலைல ஐயா எங்கிட்டச் சொன்னதும் கட்டுத்தரைதானுங்க. இங்கிலீஷ மட்டும் படிச்ச நாசரேத்துக்காரருக்கு அது தொழுவாத்தான் வாயில வரும். உங்ககிட்டக் கேட்டிருந்தாக் கொட்டம்னு வரும். பழநிப் பக்கமே போகாதவருக்குக் கட்டுத்தரை எங்கிருந்து வந்துச்சு? அந்தக் குரலக் கேட்டாத்தான் வரும்." அவள் ஒரு கணம் நிறுத்தினாள். "எங்கூரு வார்த்தை அது. எங்கம்மா பேசற மாதிரி இருந்துச்சு. காதுல உறுத்தவே இல்ல. தலையாட்டிட்டுப் போயிட்டேன்."

ஞானாபரணம் சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். துடைக்கும் துணிக்கு அடியில் கார்டு இருந்தது.

"இனிகோ பொய் சொல்லமாட்டாருன்னு எனக்குத் தெரியும்" என்றார். "ஆனா ஏற்கெனவே ஒருத்தன் அவமானப்படுத்திட்டாம்லா. இன்னொரு தடவ என்னால தலகுனிய முடியாது. ஒரு தடவ கேட்டுட்டு வச்சிரலாம்னுதான் எடுத்தேன். காலைல வைக்க வந்தா இவரு எனக்கு முந்தி அலமாரி முன்னால நிக்காரு."

"மதியத்துலருந்து ஒரு மனுசன் ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்திருக்காருங்க. உங்க வாய் அசையலியே."

அவர் கண்ணாடிக் கூட்டை மூடினார்.

"கேட்டீங்க. கேட்டதோட விட்டீங்களா?"

"எக்ஸாமினருக்கு மட்டும் அனுப்புனேன். ஒரே ஒருத்தருக்கு. நேத்து சாயங்காலம் வாட்ஸப்புல. அவரும் ஊழியக்காரருதான், படிச்சவரு."

"கூப்டுங்க. அழிக்கச் சொல்லுங்க."

ஞானாபரணம் போனை ஸ்பீக்கரில் போட்டார். எக்ஸாமினரின் குரல் மகிழ்ச்சியாக வந்தது.

"ஞானாபரணம்! என்ன ஒரு சாட்சி! நான் சந்தேகப்பட்டதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிறேன். இனிகோவுக்குப் பட்டம் உறுதின்னு சொல்லிருங்க. நம்ம மிஷன் குரூப்புல போட்டேன், எல்லாரும் அழுதுட்டாங்க. ஒட்டன்சத்திரம், பழநிப் பக்கத்து ஊழியக்காரங்க எல்லாம் அவங்கவங்க குரூப்புக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"ஹலோ, ஹலோ" என்று அந்தக் குரல் இரண்டு தடவை கேட்டுவிட்டு நின்றது.

மரியசெல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். இனிகோ மேஜைமேல் கிடந்த கார்டைப் பார்த்தார், எடுக்கவில்லை. தன் போனில் ஒரு எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். மறுபடியும் அழுத்தினார்.

"சுவிட்ச் ஆப்."

"இப்பவாவது பேரச் சொல்லுங்க பாஸ்டர்" என்றாள் சண்முகவள்ளி. இப்போது அவள் குரல் விசாரிக்கிற குரலாக இல்லை.

"பழனியம்மாள். ஆயக்குடிக்கு மேற்க, கொய்யாத் தோட்டத்த ஒட்டுன தெரு. மக பேரு கௌசல்யா."

அவள் அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் பேசினாள். போய்ப் பார்க்கிறோம் என்றார்கள். என்ன கேஸ் என்று கேட்டார்கள். குரலை எடுத்ததற்குச் சட்டத்தில் எந்தப் பிரிவு? மெமரி கார்டு கிடைத்துவிட்டது. புகாரை வாபஸ் வாங்கச் சொல்லி மையத்துத் தலைவர் போனில் இனிகோவிடம் பேசினார். இனிகோ "சரி" என்றார். எதைச் சொன்னாலும் சரி என்பார் போலிருந்தது.

"பட்டம் உங்களுக்கு வந்துரும் இனிகோ" என்றார் ஞானாபரணம். ஆறுதலாகச் சொல்ல அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"அந்தம்மா கேட்ட ஒரே கேள்விக்கு நான் பொய் சொல்லிட்டேன் ஐயா" என்றார் இனிகோ.

ஆறு மணிக்கு ஜெகபர் அலியை விட்டார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் தூக்கைத் திறக்காமலே மகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

மறுநாள் காலை சண்முகவள்ளியும் இனிகோவும் ஆயக்குடியைத் தாண்டி அந்தத் தெருவுக்குப் போனார்கள். வீடு பூட்டியிருந்தது. கட்டுத்தரையில் மாடு இல்லை, தொட்டியில் தண்ணீர் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்தார். பழனியம்மாள் என்று யாரும் இந்த ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.