வெளியில் மாமா, வீட்டில் அப்பா

அந்த வீட்டு நாத்தனாருக்கு வாய் விழித்த பிறகுதான் கண் விழிக்கும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இரண்டுமே வழக்கத்தைவிடச் சீக்கிரமாக விழித்துவிட்டன.

"மகாராணி வர்றாளாமே, துணிமணி எடுத்துட்டுப் போக... வரட்டும். வாசல்ல நின்னு வரவேற்கணும்னா சொல்லு, நானும் வந்து பக்கத்துல நிக்கிறேன்."

இது தம்பி மனைவிக்கு. அவள் டீயை வடிகட்டிக்கொண்டிருந்தாள். வந்து குடியேறிய வெளிநாட்டில், ஒரு சலவைக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, யார் யாருடைய கால்சட்டைக்கோ நீளம் குறைப்பதும் ஜிப் மாற்றுவதும் அவள் பிழைப்பு. நாளெல்லாம் குனிந்தே இருக்கிற வேலை. வீட்டுக்கு வந்தாலும் அதே குனிவுதான்.

அவளுடைய ஒரே மகள் பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறாள். கோடைக்கு முன்னால் வீட்டை விட்டுப் போனவள், லிஃப்ட் பழுது பார்க்கும் ஒருவனோடு இருக்கிறாள். அவனும் பிழைக்க வந்த குடும்பத்தில் இங்கேயே பிறந்தவன்தான். ஏற்கெனவே ஒருத்தியைக் கட்டி, ஒத்துவராமல் பிரிந்து, விவாகரத்துத் தீர்ப்புக்காகக் காத்திருக்கிறான். தீர்ப்பு வந்ததும் கல்யாணம் என்று சொன்னார்கள். அதுவரை ஒரே வீட்டில் இருப்போம் என்றும் சொன்னார்கள். அதுதான் வினையாகிப் போனது.

மகளோடு இனி ஒரு பேச்சும் கூடாது என்று கணவர் சொல்லிவிட்டார். "நீ போன் பண்ணினேன்னு தெரிஞ்சா, அந்தப் பய வேலை பாக்கிற இடத்துக்கே போய் மானத்தை வாங்கிருவேன்." செய்யக்கூடிய மனிதர்தான். பஸ் ஓட்டும்போது பூனை குறுக்கே வந்தாலும் பொறுமையாக நிறுத்துவார். வீட்டுக்குள் வந்துவிட்டால் அவருக்கு எல்லாருமே குறுக்கே வந்தவர்கள். அந்தப் பையனுக்கு வேலை போய்விடக் கூடாதே என்று, மகள் கூப்பிடும்போதெல்லாம் அடிக்கிற போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள் இவள். பெற்ற வயிறு எப்படி எரிந்திருக்கும்? அதை யார் கேட்டார்கள்?

அழைப்பு மணி அடித்தது. மகள் இரண்டு காலிப் பைகளோடு உள்ளே வந்தாள். தெருவில் காரிலேயே அவன் உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கணவர் மாடிப்படியை மறித்துக்கொண்டு நின்றார்.

"துணியை எடுத்துட்டுப் போயிடறேன்ப்பா. வேற எதுவும் வேண்டாம்."

"யாருக்கு யார் அப்பா? கல்யாணம் இல்லாம, இன்னொருத்தி புருஷன்கூட ஒரே வீட்ல இருக்கிறவளுக்கு நான் அப்பா இல்ல."

"எல்லாம் பெத்தவ வளர்த்த லட்சணம்," என்று நாத்தனார் எடுத்துக்கொடுத்தாள். "என் தம்பி தன் சாமர்த்தியத்தால இந்த நாட்டுல காலூன்றி, நம்ம எல்லாரையும் கரை சேர்த்தான். இவ என்னத்தைக் கிழிச்சா? ஒரு பொண்ணை ஒழுங்கா வளர்க்கத் துப்பில்ல."

மகள் அத்தையைத் திரும்பியும் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள்.

"நீயாவது ஒரு வார்த்தை பேசேம்மா..."

இவள் வாயைத் திறந்தாள். கணவர் ஒரு பார்வை பார்த்தார். வாய் தானாக மூடிக்கொண்டது.

மகள் கசப்பாகச் சிரித்தாள். "உன்கிட்டப் போய் எதிர்பார்த்தேன் பாரு. அப்பான்னு கூப்பிட்டதுக்கு என்னை நடுரோட்டுல அறைஞ்சவதானே நீ. மறந்துட்டேன்னு நினைச்சியா? பஸ் ஸ்டாப்புல, அத்தனை பேர் முன்னாடி. அப்ப எனக்கு அஞ்சு வயசு. அன்னைக்கு அப்பாதான் என்னை மடியில வச்சுக்கிட்டு சமாதானம் பண்ணினார். நீ திரும்பிக்கூடப் பாக்கல. நான் அப்பாகிட்ட ஒட்டிக்கிறதே உனக்குப் பிடிக்கலன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு."

டீக்கோப்பையைப் பிடித்தபடியே இவள் கணவரைப் பார்த்தாள். அந்த அறை எதற்கு விழுந்தது என்று தெரிந்த மனிதர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். இப்போதாவது சொல்வார்... ஒரே ஒரு வார்த்தை சொல்வார்...

"பழசை எதுக்குக் கிளர்றே?" என்றார் அவர், எங்கோ பார்த்துக்கொண்டு. "உங்கம்மா புத்தி அப்படி."

கோப்பையை மேஜையில் வைத்தாள். இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்தது போதும் என்று தோன்றிவிட்டது.

"அண்ணி, நீங்களும் கேட்டுக்குங்க. உங்க தம்பி முதல்ல இங்க வந்தப்ப, தங்கறதுக்குக் காகிதம் கிடைக்கல. இந்த ஊர்க்காரி ஒருத்தியைப் பதிவுக் கல்யாணம் பண்ணினா கிடைக்கும்னு யாரோ சொன்னாங்க. அதுக்கு முதல்ல என்னை விவாகரத்து பண்ணணும். இவ அப்ப கைக்குழந்தை. இவரோட வாழ எனக்கு இஷ்டமில்லன்னு கோர்ட்டுல சொல்லச் சொன்னார். சொன்னேன். என் பொறந்த வீட்டுக்குக்கூடத் தெரியாது."

"வாயை மூடுடி," என்றார் கணவர்.

"மூடித்தானே இருந்தேன்." அவள் மகளிடம் திரும்பினாள். "அப்புறம் உறவுக்காரப் பொண்ணுன்னு சொல்லி நம்மளை இங்க கூப்பிட்டுக்கிட்டார். அந்தக் கல்யாணம் காகிதத்துல இருக்கிற வரைக்கும் நாம யாருன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. அதனால வீட்டுக்குள்ள அப்பா, வெளியில போனா மாமா. அப்படித்தான் உனக்குச் சொல்லிக் குடுத்தோம்."

"நான் அதை விளையாட்டுன்னு நினைச்சேன்..." என்றாள் மகள் மெதுவாக.

"விளையாட்டுன்னு சொல்லித்தான் குடுத்தேன். நல்லாத்தான் விளையாடுவே. அன்னைக்கு மட்டும் அவர் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினதும், அப்பான்னு கத்திக்கிட்டு ஓடினே. அந்தப் பதிவுக் கல்யாணத்துக்குச் சாட்சியா வந்த டிரைவருங்க ரெண்டு பேரும் அங்கேயே நிக்கிறாங்க. எனக்கு ஈரக்குலை நடுங்கிப்போச்சு. அடிச்சுட்டேன்டி... வீட்டுக்கு வந்து, அந்தக் கையைச் சுவத்துலயே மோதிக்கிட்டேன். உன்னைத் திரும்பிப் பாத்திருந்தா அழுதிருப்பேன். அதான் பாக்கல."

மகள் கையிலிருந்த பைகள் நழுவிக் கீழே விழுந்தன.

"அந்தப் பதிவுக் கல்யாணத்தை ரத்து பண்ணி எத்தனையோ வருஷம் ஆச்சு," என்று இப்போது கணவரிடம் பேசினாள். "மறுபடி என்னைப் பதிவு பண்ணிக்குங்கன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன்? ஊரறியக் கட்டினது போதாதா, காகிதம் எதுக்குன்னீங்க. சரின்னு, என் தையல் வேலையைக் காட்டி என் காகிதத்தை நானே வாங்கிக்கிட்டேன். இப்ப சொல்லுங்க. கல்யாணம் இல்லாம ஒரே வீட்ல இருக்கிறது யாரு? இன்னொருத்தி புருஷன்கூட இருந்தவ யாரு? இவளை வெளியில தள்ளணும்னா, முதல்ல என்னைத்தானே தள்ளணும்?"

அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி... இவ சொல்றது நிஜமா?" என்று கேட்டாள் நாத்தனார்.

"உங்களையெல்லாம் கூப்பிட்டுக்கத்தானேக்கா செஞ்சேன்..."

நாத்தனார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அந்தக் காகிதத்தின் பலத்தில்தான் அவளும் வந்து, பதினைந்து வருஷமாக இந்த வீட்டில் அதிகாரம் பண்ணிக்கொண்டிருக்கிறாள்.

மகள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "ஏம்மா ஒரு நாள்கூடச் சொல்லல... நான் உன்னை எப்படியெல்லாம் பேசியிருக்கேன்..." என்று தோளில் முகம் புதைத்து விம்மினாள். "அப்பாவை நீ கேவலமா நினைச்சிடக் கூடாதேன்னுதான்," என்றாள் இவள், அவள் தலையைத் தடவிக்கொண்டே. அதைக் கேட்டும் கணவர் நகரவில்லை. மனிதருக்கு அந்த இடத்தில் அழுகை வந்திருந்தால், இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"சரி, நாளைக்கே போய்ப் பதிவு பண்ணித் தொலைக்கலாம். போதுமா? இப்ப மேலே போ."

அவர் படியை விட்டு ஒதுங்கினார். அவள் மாடிக்குப் போனாள். சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று அவர் நினைத்திருப்பார். சற்று நேரத்தில் மகளின் துணிகளோடு தன் துணிகளையும் ஒரு பெட்டியில் அடைத்து எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொண்டு கீழே வந்தாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"இவகூட இருந்துட்டு, அப்புறம் எனக்குன்னு ஒரு அறை பாத்துக்கிறேன். உங்க சாப்பாட்டை அண்ணி பாத்துக்குவாங்க."

"அண்ணி" என்று கூப்பிடப்பட்டவள் தரையைப் பார்த்தாள்.

"இந்த வயசுல கோர்ட்டு, வக்கீல்னு என்னை இழுத்தடிக்கப் போறியா?" அவர் குரலில் அதிகாரம் பாதிதான் இருந்தது. "விவாகரத்துன்னு வந்து நின்னே, ஒரு கையெழுத்துப் போட மாட்டேன். சொல்லிட்டேன்."

அவள் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தாள். பெட்டியை மகள் வாங்கிக்கொண்டாள்.

"அதுக்கு உங்க கையெழுத்து எதுக்குங்க?" என்றாள் அமைதியாக. "நீங்க கேட்ட விவாகரத்தை அன்னைக்கே குடுத்துட்டேனே."