மூன்றாவது மெஷினில் யார்?

காலை எட்டு பத்து. டயாலிசிஸ் வார்டின் அட்டவணையிலிருந்து அப்பாவின் பெயர் காணாமல் போயிருந்தது.

இரண்டு வருடமாக மூன்றாவது மெஷின் அவருடையது. இன்று அதில் வேறொரு பெரியவர் படுத்திருந்தார். அடுத்த இடம் நாளை மறுநாள்தானாம். அதுவரை தாங்குகிற உடம்பா அது? கால் வீங்கி, செருப்புக்குள் நுழையவே மாட்டேன் என்றது.

மகள் குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர். வந்ததிலிருந்து உட்காரவில்லை.

"பாப்பா, கொஞ்சம் உட்காரேன். நீ நடக்கிறதைப் பார்த்தா எனக்கு மூச்சு வாங்குது," என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்கப்பா."

மேனேஜரிடம் பதில் தயாராக இருந்தது. "நேத்து சாயங்காலம் ஸ்ப்ரெட்ஷீட்டைப் புது வெர்ஷனுக்கு மாத்தினோம் மேடம். அது ஒரு வரியை முழுங்கிடுச்சு. மாத்தினது இவங்கதான். இன்னையோட வேலையை விட்டு அனுப்பிடறேன்."

சுவரோரம் நின்ற கம்ப்யூட்டர் பொறியாளருக்குக் கண் சிவந்திருந்தது. "ஃபைலை நான் தொடவே இல்ல சார்," என்றாள். யார் கேட்டார்கள்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"புதுசாம் புதுசு!" தலைமை நர்ஸ் பொரிந்து தள்ளினாள். "காலையிலேர்ந்து உயிரை வாங்குது. ஒரு கம்ப்யூட்டர் பாக்கியில்லாம மாத்திட்டாங்க. மேல ஃபைல், எடிட்னு வரிசையா இருக்குமே, இப்ப எடிட்டையே காணோம். பூரா குட்டிக் குட்டிப் படம்!"

இன்ஸ்பெக்டர் முன்பதிவுக் கண்ணாடி அறைக்குள் நுழைந்தாள். அப்பாவைத் தவிர மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். நாற்பது வயது முன்பதிவு எழுத்தர் துள்ளி எழுந்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கைத்தடி சாய்ந்திருந்தது.

"அட்டவணையைக் கடைசியா தொட்டது யாரு?"

"நான்தான் மேடம். இன்னைக்கு ஏழரைக்கு."

"அப்பா பேர் இருந்துதா?"

"இருந்துது. ஒரு வரியை நகர்த்தலாம்னு எடிட்டுக்குப் போய் கட் கொடுத்தேன். புது வெர்ஷனாச்சே, மொத்தமா மாயமாயிடுச்சு. காலி இடத்துல காத்திருக்கிறவங்கள்ல ஒருத்தரைப் போட்டேன்."

"யாரை?"

"யாரோ பெரியவர் மேடம்."

இன்ஸ்பெக்டரின் நடை நின்றது. "அந்த எடிட்டைக் கொஞ்சம் காட்டுங்க."

எழுத்தர் மவுஸை இடமிருந்து வலமாக நகர்த்தினார். திரும்ப வலமிருந்து இடமாக.

"இங்கதான் மேடம்... இருந்துது."

"இருந்துது. நேத்து சாயங்காலம் வரைக்கும்," என்றாள் இன்ஸ்பெக்டர். "இன்னைக்கு நீங்க இதைத் திறக்கவே இல்ல. திறந்திருந்தா நர்ஸம்மா மாதிரி எடிட்டைக் காணோம்னு முதல்ல புலம்பியிருப்பீங்க. எங்கப்பா பேரை அழிச்சது நேத்து, பழைய வெர்ஷன்ல. சாயங்காலம் மாத்தப் போறாங்க, பழியைத் தூக்கிப் போட ஒரு தலை இருக்குன்னு தெரிஞ்சே செஞ்சிருக்கீங்க."

"அடப்பாவி!" என்றாள் நர்ஸ்.

இன்ஸ்பெக்டர் கைத்தடியை எடுத்தாள். "இது யாரோடது? உங்களுக்குத்தான் கால் நல்லா இருக்கே."

எழுத்தர் தலை கவிழ்ந்தது. "என் மாமனாரோடது மேடம். மாசக்கணக்கா காத்திருந்தார். வீட்டுல தினமும் அழுகை."

மேனேஜர் பொறியாளரைப் பார்த்து, "நீங்க இருங்கம்மா," என்று முனகினார். எழுத்தரை வெளியே போகச் சொன்னார்.

"மெஷினை விட்டு அவரை இறக்குங்க," என்றாள் இன்ஸ்பெக்டர்.

"வேண்டாம் பாப்பா," என்றார் அப்பா, வெளியே உட்கார்ந்தபடியே. "ஏறினவரை இறக்காதே. அவரும் என்னை மாதிரிதானே."

நர்ஸ் பெருமூச்சு விட்டாள். "சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகல. கடைசி ஆள் இறங்கினதும் ஐயாவை ஏத்திடறேன்."

இன்ஸ்பெக்டர் கைத்தடியோடு வார்டுக்குள் போனாள். கோபம் இன்னும் அடங்கவில்லை. மூன்றாவது மெஷினிலிருந்த பெரியவர் அவளை ஆஸ்பத்திரிக்காரி என்று நினைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளைதாம்மா அலைஞ்சு திரிஞ்சு இந்த இடத்தை வாங்கித் தந்தார். தங்கமான பிள்ளை. என்னால யாருக்கும் இடைஞ்சல் இல்லையே?"

காலையிலிருந்து ஒருவர் விடாமல் கேள்வி கேட்டவள், ஓங்கிப் பிடித்திருந்த கைத்தடியைத் தாழ்த்தினாள்.

"இல்லைங்க," என்றாள். கைத்தடியை அவர் கைக்கு எட்டும்படி சாய்த்து வைத்துவிட்டு, வெளியே போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.