எல்ஸ்பெத்தின் குளம்

பாட்டுச் சத்தம் குளத்தின் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது.

தக்ஷிகா பலகைப் பாதையில் நின்று காதுகொடுத்தாள். மெனோனைட் என்ற கிறிஸ்தவ சபைச் சனங்களின் ஜெபவீடு அவளுக்குப் பின்னால், மேட்டில், பண்ணைவீடுகளுக்கு நடுவே இருந்தது. முன்னால் தேயிலைச் சாயம் போன்ற தண்ணீரும், வளராமல் கூனிப்போன பைன் மரங்களும், பின்னேரத்து மூடுபனியும் மட்டும்தான். ஜெபவீட்டுப் பாட்டின் எதிரொலியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கணவன் நிருசன் காருக்குள் காத்திருந்தான். "பூவை வச்சிட்டுக் கெதியா வாரும். றோட்டில ஐஸ் பிடிச்சா இறங்கேலாது," என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தான்.

பூ எல்ஸ்பெத்துக்கு. மறதி நோய் முற்றிய அந்தக் கிழவியைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்திவிட்டு வருவதுதான் போன மாதம்வரை தக்ஷிகாவின் வேலை. கிழவி எந்நேரமும் குளத்துக்குப் போகத் துடிப்பாள் என்பதால் வெளிக்கதவைப் பூட்டியே வைக்கவேண்டும். கடைசி நாள் வேலை முடிந்து போகும்போது தக்ஷிகா தங்கையோடு போனில் சிரித்துக் கதைத்தபடி, பூட்டாமலே வெளியேறினாள். விடிய, எல்ஸ்பெத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்தார்கள்.

"நான் பூட்டிட்டுத்தான் போனனான்."

கேட்ட எல்லோரிடமும் அதையே சொன்னாள். அப்படியென்றால் கதவைத் திறந்துவிட்டது அதே வீட்டில் இருந்த எல்ஸ்பெத்தின் மருமகள் ஹன்னாவாகத்தான் இருக்கவேண்டும். ஹன்னாவும் அதை நம்பிவிட்டாள். செத்தவீட்டில் அவள்தான் தக்ஷிகாவின் கையைப் பிடித்துத் தேற்றினாள். எத்தனை முறை கழுவியும் அந்தக் கையின் சூடு தக்ஷிகாவை விட்டுப் போகவில்லை.

பனி இறங்க இறங்க, சதுப்பின் அழுகிய இலை நாற்றமும் ஈரப் பலகையின் வாடையும் தொண்டைக்குள் வந்து படிய, எங்கோ பின்னால் ஒவ்வொரு பலகையாக முனகுவதைக் கேட்டுத் திரும்பினாள். ஹன்னா வந்துகொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பிரெஞ்சு பேசும் இந்தச் சுவிஸ் மலையிலும் அவர்கள் பரம்பரையாகக் கதைக்கும் பேர்ண் பக்கத்து ஜெர்மன் பேச்சில், மெல்ல வணக்கம் சொன்னாள்.

"ஆராதனை இன்னும் முடியேல்லையோ?" தக்ஷிகாவும் அதே மொழியில் கேட்டாள்.

"இண்டைக்கு ஆராதனை இல்லையே. ஜெபவீடு பூட்டிக் கிடக்குது."

"அப்ப பாடுறது ஆர்?"

ஹன்னாவின் முகம் மலர்ந்தது. "உனக்கும் கேக்குதோ? மாமிதான். ஒவ்வொரு நாளும் பாடிப் பாடிக் கூப்பிடுறா. நான் போய் மன்னிப்புக் கேக்கவேணும், தக்ஷிகா. கதவைத் திறந்துவிட்டது நான்தானே."

பலகையிலிருந்து காலை இறக்கினாள். தண்ணீர் சத்தமே போடவில்லை.

அவளை நிறுத்த உண்மையான ஒரு வசனம் போதும். ஆனால் அதைச் சொன்னால்? பராமரிப்பு வேலையே போகும். பொலிஸ் வரும். ஊர்ச்சனம் என்ன கதைக்கும்? அவள் அதை நினைத்து முடிக்க முன்னரே தண்ணீர் ஹன்னாவின் இடுப்புக்கு வந்துவிட்டது.

"நான்தான்!" தக்ஷிகா கத்தினாள். "நான் பூட்டேல்லை, ஹன்னா! பொய் சொன்னனான்! வாங்கோ, திரும்பி வாங்கோ!"

பாட்டு நின்றது.

ஹன்னா திரும்பினாள். எத்தனையோ நாள் சுமந்ததை இறக்கி வைத்தவள்போல் ஒரு பெருமூச்சு. கரையை நோக்கிக் காலை எடுத்தாள்.

எடுக்க முடியவில்லை.

குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். பிறகு தக்ஷிகாவைப் பார்த்தாள். "மாமி விடுறா இல்லை," என்றாள், சின்னப்பிள்ளையின் குரலில்.

தக்ஷிகா பலகையில் குப்புற விழுந்து கையை நீட்டினாள். விரல் நுனி பட்டது. குளிர்ந்தது. வழுக்கியது.

ஹன்னா தண்ணீருக்குள் போய்விட்டாள்; ஒரு வட்டம்கூட எழவில்லை. குமிழி இல்லை.

"நிருசன்!" குரல் வரவில்லை. வெறும் காற்று.

மீண்டும் பாட்டு. இந்த முறை இரண்டு குரல்கள். அவள் படுத்திருந்த பலகைக்கு நேர் கீழே.

பார்க்கக்கூடாது. பார்த்தாள்.

மண்ணிறத் தண்ணீருக்குள் வெளிறிய இரண்டு முகங்கள் மல்லாந்து கிடந்தன. கண்கள் அவள்மேல். வாய்கள் திறந்து மூடின. இரண்டுக்கும் நடுவே, ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு, அவர்கள் இடம் விட்டிருந்தார்கள்.